முப்பத்தாறு வாளி

மூன்று தெரு கூடும் மூலையில், இருபதடி முகப்போடு, அப்பா காலத்திலிருந்து எங்கள் பூட்டுக்கடை நிற்கும் இடத்துக்கு விலையே கிடையாது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். விலை இருக்கிறதாம். ஒரு பிளாஸ்டிக் கப்பல். கட்டி முடித்த கப்பல்கூட இல்லை. துண்டு துண்டாக அட்டைப்பெட்டிக்குள் கிடக்கும் கப்பல். இந்த விலையைச் சொன்னவர் கட்டடத்தின் சொந்தக்காரர், மாடியில் குடியிருக்கும் கேப்டன்.

கேப்டன் என்பது தெரு வைத்த பேர். அவர் எந்தக் கப்பலையும் ஓட்டியதில்லை. ஆறு கடலில் சேரும் இடத்தில் சேறு அள்ளுகிற தூர்வாரிக் கப்பல் ஒன்றில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர். சேறு அள்ளியவரைச் சேறு என்றா கூப்பிட முடியும்? வாடகை வாங்குகிறவரைக் கேப்டன் என்று கூப்பிட்டால் ஒரு மாதம் பொறுத்துக்கொள்வார் என்று என் அப்பாதான் ஆரம்பித்து வைத்தார். அவர் ஒரு நாளும் பொறுத்துக்கொண்டதில்லை. பேர் மட்டும் நின்றுவிட்டது.

ஒப்பந்தம் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். இந்தத் தடவை முப்பதாம் தேதியோடு முடிகிறது. பக்கத்துச் செல்போன் கடைக்காரருக்கு என் மூலை மேல் கண். ரெட்டிப்பு வாடகை தருவதாகக் கேப்டனிடம் சொல்லிவிட்டு, தினம் காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து என் ஷட்டரை அளப்பார். நான் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே அளப்பார். "நீங்க பாட்டுக்கு வியாபாரத்தைப் பாருங்கண்ணே," என்று சிரிப்பு வேறு. இருபதடி நேற்றும் இருபதடிதான். ராத்திரியோடு ராத்திரியாக வளர அது என்ன சுரைக்கொடியா?

எட்டாம் தேதி மாடிக்குப் போனேன். கேப்டன் மேஜையில் பழைய நாளிதழை விரித்து, துணி மாட்டும் கிளிப்பால் எதையோ கவ்வ வைத்துப் பசை காயக் காத்திருந்தார். அறை முழுக்கத் தின்னர் வாசனை. சுவரெல்லாம் தட்டு. தட்டெல்லாம் பெட்டி, பெட்டிக்கு முன்னால் கட்டி முடித்த பொம்மை. பொம்மை என்றால் கோபம் வரும். "மாதிரி" என்று சொல்ல வேண்டும். நிஜ வண்டியில் நூறடி இருந்தால் இதில் ஓரடி. ஆணி முதற்கொண்டு அளவு தப்பாது. பாகம் பாகமாக வாங்கி, ஒட்டி, சாயம் அடித்து, தூசி தட்டி வைப்பது. சரி, வயசான காலத்தில் ஒரு பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம். ஆனால் இந்தக் கூட்டத்துக்கு ஒரு கிறுக்கு உண்டு. எல்லாக் கடையிலும் கிடைப்பதை இவர்கள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். அந்தத் தீவில் மட்டும் விற்ற தபால் வண்டி, அந்த நகரத்தில் மட்டும் விற்ற டிராம், மலைமேல் இரண்டே ஊரில் விற்ற தீயணைப்பு வண்டி, இப்படித்தான் வேண்டும். எங்கள் தொழிலில் ஓர் ஊரில் மட்டும் விற்கிற சாமானுக்கு 'மற்ற ஊரில் விலை போகாத சாமான்' என்று பேர். தள்ளுபடி போட்டுத் தொலைப்போம். இவர்கள் அதைத்தான் தேடிப் போய் ஆனைவிலை கொடுத்து வாங்குகிறார்கள்.

"வாடகை எவ்வளவு ஏத்தணும், நீங்களே சொல்லிடுங்க சார்," என்றேன். முதல் தொகை எதிராளி வாயிலிருந்துதான் வர வேண்டும். எங்கள் வீட்டில் பேச்சு வந்த பிள்ளைக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது இது.

"ஏத்த வேண்டாம்," என்றார்.

ஏற்ற வேண்டாம் என்கிறவனிடம் எதை இறக்கச் சொல்வது?

"செல்போன்காரர் ரெட்டிப்பு தர்றேன்னாராமே?"

"தர்றேன்னார். வாங்கி நான் என்ன பண்ண? பென்ஷனே மாசக் கடைசியில மிச்சம் கிடக்குது." தன் போனைத் திருப்பி ஒரு படத்தைக் காட்டினார். அட்டைப்பெட்டி. அதன்மேல் ஒரு கப்பல், கப்பல்களிலேயே அவலட்சணமானது. நடுவில் ஏணி மாதிரி ஒன்று தண்ணீருக்குள் இறங்க, அதில் சங்கிலியாக வாளிகள். "நான் வேலை பார்த்த தூர்வாரி. அதேதான், நம்பரோட போட்டிருக்கான். அந்தக் கப்பல் ஓடின மூணு துறைமுக ஊர்ல மட்டும்தான் விற்பனை. பெட்டியிலயே அச்சடிச்சிருக்கான், 'இந்தப் பகுதி விற்பனைக்கு மட்டும்'னு. தபால்ல அனுப்ப மாட்டான். என் இடுப்பு இருக்கிற நிலைமையில பதினோரு மணி நேரம் பஸ்ல உக்கார முடியாது. நீங்க கொண்டு வாங்க பூட்டுக்காரரே. மூணு வருஷம், பழைய வாடகை, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"கொண்டு வரலேன்னா?"

"செல்போன்காரர் போயிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கார். அவருக்கு நான் இன்னும் ஊர் பேர் சொல்லல."

கீழே டேப் சுருங்குகிற சத்தம் கேட்டது.

மறுநாளிலிருந்து எனக்கு இதே வேலை. அந்த மூன்று ஊரிலும் தாழ்ப்பாள், கீல் மொத்த வியாபாரிகள் எனக்குத் தெரிந்தவர்கள். ஒருவர், "கப்பலா? எத்தனை டன்?" என்று கேட்டார். இன்னொருவர் தன் கடை ஆளை அனுப்பி ஒரு குழந்தைப் படகை வாங்கி, படம் எடுத்து அனுப்பினார், முன்பக்கம் வாத்துத் தலை வைத்தது. மூன்றாமவர், ஐம்பது வயதில் எனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று என் மனைவிக்குப் போன் செய்து விசாரித்தார். நெட்டில் தேடினால் ஒரு கடை மாட்டியது, போன் நம்பர் இல்லாமல் முகவரி மட்டும். 'உங்கள் பகுதிக்கு இல்லை' என்று சிவப்பு எழுத்தில் வந்து நின்றது. பணம் கொடுக்கத் தயாராக இருப்பவனைப் பார்த்து உனக்கு இல்லை என்று சொல்கிற வியாபாரத்தை என் வம்சத்தில் யாரும் பார்த்ததில்லை.

"நீங்களே போயிட்டு வாங்க," என்றாள் மனைவி. "கடையை நான் பாத்துக்கறேன்."

"உனக்குப் பேரம் பேச வராதே."

"அதனாலதான் சொல்றேன்."

இருபதாம் தேதி விடியற்காலைப் பஸ்ஸில் ஏறி, இருட்டும்போது இறங்கி, ஐநூறுக்கு ஓர் அறை எடுத்துப் படுத்து, காலை பத்து மணிக்கு அந்தக் கடையைக் கண்டுபிடித்தேன். தையற்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரு சந்து மாதிரி கடை. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வெளியே போக வேண்டும். கூரை வரைக்கும் பெட்டி. கல்லாவில் ஓர் அம்மாள், கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி, கையில் சின்னக் கத்தரி.

வேண்டிய சாமானை நேராகக் கேட்பவன் வியாபாரி வீட்டுப் பிள்ளை இல்லை. முதலில் பசை கேட்டேன். கொடுத்தாள். தீயணைப்பு வண்டி ஒன்றைக் கேட்டு, பார்த்து, உதட்டைப் பிதுக்கி வைத்தேன். ஒரு விமானத்தைத் தூக்கிப் பார்த்தேன். பிறகு, கண் தற்செயலாகப் போய் விழுந்த மாதிரி, "அது என்னம்மா, ஏணியை முழுங்கின மாதிரி ஒரு கப்பல்?" என்றேன்.

"அண்ணனுக்கு எந்த ஊரு?"

"இங்கதான், பக்கத்துல."

"பக்கத்துலதான். பையில பஸ் கம்பெனிச் சீட்டு தொங்குதே, பதினோரு மணி நேரத்துப் பக்கம்." பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தாள். "நாலாயிரம்."

"பிளாஸ்டிக்குக்கா?"

"பிளாஸ்டிக்தான் வேணும்னா அடுத்த தெருவுல வாளி இருக்கு, நூத்தம்பதுக்கு. குளிக்கவும் செய்யலாம்."

ஆள் சாதாரணம் இல்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. பேரம் என்றதும் எனக்கு ரத்தம் சூடாகிவிடும். அப்புறம் தெரிவது எல்லாம் மங்கல்தான்.

எங்கள் அப்பா கல்லாவில் உட்கார்ந்து ஓயாமல் சொன்ன ஒரு பாடம் உண்டு. குறை இல்லாத சாமானுக்குப் பேரம் இல்லை. முதலில் குறையைப் பிடி, அப்புறம் விலையைப் பிடி. புது வீடு பார்க்கப் போனாலும், பெண் பார்க்கப் போனாலும் அவர் முதலில் சுவரைத்தான் தட்டுவார்.

"பிரிச்சுப் பாக்கலாமா?"

"தாராளமா."

உள்ளே பாகங்கள் கொடியில் காய் தொங்குகிற மாதிரி பிளாஸ்டிக் சட்டங்களில் தொங்கின. ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு நம்பர். விளக்கத்தாளில் பதினொன்று என்று போட்டிருந்தது. எண்ணினேன். பத்து. மறுபடி எண்ணினேன். ஆறு இருக்கிறது, எட்டு இருக்கிறது, ஏழு இல்லை. சொன்னால் வெட்கம், எனக்கு லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது. முகத்தில் மட்டும் துக்க வீட்டுக் களையைக் கொண்டுவந்து, "ஏம்மா, இதுல ஒரு சட்டமே இல்லியே," என்றேன்.

"அப்படியா?" என்று கண்ணாடியை மாட்டிப் பார்த்தாள். "ஆமா, ஏழு இல்ல."

"இதுக்குப் போய் நாலாயிரமா?"

"நீங்களே சொல்லுங்க."

"ரெண்டாயிரம்."

அவள் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. ஒரு மணி நேரம் போனது. நான் இரண்டு தடவை கடையை விட்டு வெளியேறி, ஜெராக்ஸ் கடை வாசல் வரை போய், அவள் கூப்பிடாததால் நானாகவே திரும்பி வந்தேன். கடைசியில் இரண்டாயிரத்து எழுநூறில் வந்து நின்றது. "பில் போடட்டுமா?" என்றாள். "பில் எதுக்கு, அந்த வரியைக் கழிச்சிடுங்க," என்றேன். இரண்டாயிரத்து அறுநூறு. ஆயிரத்து நானூறு லாபம். அந்த ஏழாவது சட்டத்தில் என்ன பாகம் இருந்தது என்று நான் பார்க்கவில்லை. எனக்கு அது ஆயிரத்து நானூறு பாகம், அவ்வளவுதான்.

பதினோரு மணி நேரமும் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார்.

வந்து பார்த்தால் கடையில் ஒவ்வொரு பூட்டிலும் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு கீலிலும், ஒவ்வொரு கைப்பிடியிலும். மனைவி இரண்டு நாள் கணக்கை நீட்டினாள். என் நாலு நாள் விற்பனை.

"யாரும் பேரம் பேசலியா?"

"சீட்டைப் பாத்தாங்க, கொடுத்தாங்க, போனாங்க."

"அப்படி வாங்கினா அவங்களுக்கு என்ன திருப்தி?"

"சீக்கிரம் வீட்டுக்குப் போற திருப்தி," என்றாள்.

கேப்டன் பெட்டியைத் திறந்தபோது நான் எதிரே ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒப்பந்தத் தாள் மேஜை ஓரத்தில் தயாராக இருந்தது. அவர் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து நாளிதழ் மேல் வரிசையாக அடுக்கினார். ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு சட்டத்துக்கு இடம் விட்டார்.

"ஏழு எங்கே?"

"அதை ஏன் கேக்கறீங்க சார்," என்று ஆரம்பித்து, நடந்ததை விவரமாகச் சொன்னேன். ஜெராக்ஸ் கடை வாசலைக்கூட விடவில்லை. "ஆயிரத்து நானூறு குறைச்சிட்டேன்," என்று முடித்தேன்.

கேப்டன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். கப்பலில் சங்கிலியில் ஏதாவது விநோதமாகச் சிக்கி மேலே வந்தால் இப்படித்தான் பார்த்திருப்பார்.

"அப்ப, இல்லைன்னு தெரிஞ்சேதான் வாங்கினீங்க."

"தெரிஞ்சதாலதான் சார் குறைஞ்சுது."

"ஏழுல என்ன வரும்னு பாத்தீங்களா?" விளக்கத்தாளைத் திருப்பி என் மூக்குக்கு நேரே வைத்தார். "வாளி. முப்பத்தாறு வாளி. அதுதான் கப்பல். மத்ததெல்லாம் அதைத் தூக்கிட்டுப் போற தகரம். வாளி இல்லாம இது என்ன தெரியுமா? தண்ணியில மெதக்குற ஒரு ஷெட்."

"தனியா வாளி மாதிரி ஏதாவது செஞ்சு..."

"சரி," என்றார். "நீங்க சொல்றதும் நியாயம்தான். நானும் அதே மாதிரி குறைச்சுக்கறேன். கடையை ஷட்டர் இல்லாம எடுத்துக்குங்க. வாடகையில மூணுல ஒரு பங்கு கழிச்சுக்கலாம். லாபம்தானே?"

ஒப்பந்தத் தாளை எடுத்து இழுப்பறையில் வைத்து மூடினார். பூட்டவும் செய்தார். என் கடைப் பூட்டு. நான் அதற்கு அவரிடம் பேரம் பேசாமல் கொடுத்தது.

அந்தக் கடைக்குப் போன் செய்து சட்டத்தைக் கேட்கலாம் என்றால் நம்பர் பில்லில் இருக்கும். பில்லைத்தான் நூறுக்கு விற்றுவிட்டேனே. தேதி இருபத்திரண்டு. அன்றைக்கு மத்தியானம் செல்போன்காரர் டேப்போடு ஒரு தச்சரையும் கூட்டிக்கொண்டு வந்து, என் பூட்டு அலமாரி இருக்கும் இடத்தில் கண்ணாடி ஷோகேஸ் எத்தனை அடி வரும் என்று பேசிக்கொண்டிருந்தார். தச்சர் பாவம், நல்லவர். "அண்ணே கொஞ்சம் காலை எடுங்க," என்று மரியாதையாகக் கேட்டு அளந்தார்.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்," என்றாள் மனைவி, எனக்குப் பை கட்டிக்கொண்டே. "இந்தத் தடவை போனதும் கேளுங்க, சொன்னதைக் கொடுங்க, வாங்கிட்டு வாங்க. வாயைத் திறக்க வேண்டாம்."

"வாயைத் திறக்காம எப்படிக் கேக்கறது?"

"கேக்கத் திறங்க. அப்புறம் மூடுங்க."

இருபத்தைந்தாம் தேதி காலை பத்து மணிக்கு மறுபடி அந்தச் சந்துக்கடை வாசலில் நின்றேன். அம்மாள் என்னைப் பார்த்ததும், வா என்றும் சொல்லவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. கல்லாவுக்குக் கீழே ஓர் இழுப்பறையை இழுத்தாள். உள்ளே ஏழாம் நம்பர் சட்டங்கள், சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி வைத்திருந்தது. பன்னிரண்டு இருக்கும்.

மேலே இருந்த ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன்.

"இது... எல்லாப் பெட்டியிலருந்தும் எடுத்துடுவீங்களா?"

"எடுத்துத் தனியா வெச்சுடுவேன். என்ன பண்றது அண்ணே, வர்றவங்க எல்லாரும் ஏதாவது குறை கேக்கறாங்க. பெட்டி மூலை நசுங்கியிருக்கு, தாள் மடங்கியிருக்கு, சாயம் மங்கியிருக்குன்னு. நல்ல சாமானை அவங்க நகத்தாலயே கீறிப் பாத்தவங்க உண்டு. அதான் நானே ஒரு குறையை வெச்சுக் கொடுத்துடறேன். கீறாம போவாங்க."

"இது அநியாயம் இல்லியா?"

"எது அநியாயம்? 'ஏழாம் சட்டம் காணோமே, தேடிக் கொடுங்க'ன்னு கேட்டா, இந்தாங்கன்னு இழுப்பறையிலருந்து சும்மா எடுத்துக் கொடுத்துடுவேன். முந்தாநாள்கூட ஒரு பொண்ணு கேட்டுச்சு, கொடுத்தேன். நீங்க கேக்கலியே. சட்டம் வேணாம், காசு போதும்னீங்க. சரின்னு நானும் காசைக் கொடுத்தேன். இப்ப சட்டம் வேணும்னா, அந்தக் காசைத் திருப்பிக் கொடுங்க. ஆயிரத்து நானூறு. பில்லோட."

கொல்லன் தெருவில் ஊசி விற்றிருக்கிறாள். அதுவும் கொல்லன் கையாலேயே அடித்த ஊசியை. நாலு தலைமுறை வியாபாரம் பண்ணின குடும்பத்தில் வந்தவன் நான். எங்கள் அப்பா உயிரோடு இருந்திருந்தால் என்னை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டு இவளைத் தங்கை என்று கூப்பிட்டிருப்பார்.

பணத்தை எண்ணி வைக்கப் பையில் கை விட்டேன். மனைவி சொன்னது ஞாபகம் இருந்தது. வாயை இறுக்கி மூடியிருந்தேன். ஆனால் கண்ணை மூடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அந்தச் சட்டத்தில் கடைசி வரிசையில் ஒரு வாளியின் விளிம்பு ரொம்ப லேசாக, தலைமுடி அளவுக்கு, வளைந்திருந்தது.

"இது கொஞ்சம் வளைஞ்சிருக்கே," என்றது என் வாய்.

அவள் சட்டத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஆமா. சுடுதண்ணியில காட்டி விரல்ல அமுக்கினா சரியாயிடும். இருந்தாலும் குறை குறைதான்." கத்தரியை எடுத்தாள். "வேணாம்னா வெட்டி எடுத்துக்கறேன். ஆயிரத்து நானூறை முப்பத்தாறால வகுத்தா... முப்பத்தொன்பதுன்னு வெச்சுக்கலாம். கழிச்சுக் கொடுங்க."

கத்தரி வாய் அந்த வாளியின் காம்பில் இருந்தது. எனக்கு எல்லாம் தெரியும். மூலைக்கடை தெரியும். கேப்டன் இடம் விட்டு அடுக்கின நாளிதழ் தெரியும். செல்போன்காரரும் தச்சரும் கண் முன்னால் நின்றார்கள். ஆனால் முப்பத்தொன்பது, கேட்காமலேயே, அவள் வாயிலிருந்து முதலில் வந்த தொகை. முப்பத்தாறில் ஒன்று போனால் யார் எண்ணப் போகிறார்கள்?

"சரி," என்றேன்.

டக். அவள் அந்த வாளியை ஒரு சின்ன உறையில் போட்டு, மேலே ஏதோ எழுதி, இழுப்பறைக்குள் வைத்தாள். எனக்கு விற்கத்தான் என்று அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் மாடியில் கேப்டன் சட்டத்தை வாங்கி, சாமணத்தின் நுனியால் ஒவ்வொரு வாளியையும் தொட்டு எண்ணினார். உதடு மட்டும் அசைந்தது. கடைசியில் வெட்டுப்பட்ட காம்புக்கு வந்து நின்றார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"முப்பத்தஞ்சு."

"ஒண்ணுதானே சார். தண்ணிக்குள்ள இருக்கிற பக்கமா வெச்சு ஒட்டிட்டா யாருக்கும் தெரியாது."

"ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்றவங்க நீங்க. நாங்க ஆத்துலருந்தே அளந்து எடுத்தவங்க. வாளிக்கு அரை டன். ஒரு வாளி இல்லாம சங்கிலி ஒரு சுத்து வந்தா அரை டன் துண்டு விழும். சாயங்காலம் கணக்குல இடிக்கும். எங்க எல்லார் சம்பளத்துலயும் பிடிப்பான்." காம்பை என் பக்கம் திருப்பினார். "இது உடையல. வெட்டியிருக்கு. எப்படி?"

என்னிடம் நாலு பொய் தயாராக இருந்தது. பஸ்ஸில் வரும்போதே அடுக்கி வைத்திருந்தேன். ஆனால் அந்தச் சாமணத்தின் நுனி அந்த வெற்றுக் காம்பிலேயே நின்றது.

"முப்பத்தொன்பதுக்குக் கொடுத்துட்டேன் சார்."

"யாருக்கு?"

"அந்த அம்மாவுக்கே."

கேப்டன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். சிரிக்கிறாரா, சலித்துக்கொள்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"பூட்டுக்காரரே, வாங்கப் போன இடத்துல வித்துட்டு வந்த ஆளை நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்."

இழுப்பறையைத் திறந்து ஒப்பந்தத் தாளை எடுத்தார். 'மூன்று வருடம்' என்று தட்டச்சில் இருந்த இடத்தை ஸ்கேல் வைத்துப் பேனாவால் நேராக அடித்தார். மேலே சின்ன எழுத்தில் எழுதினார்: முப்பத்தைந்து மாதம்.

"சார், மூணு வருஷம்னா முப்பத்தாறு மாசம்."

"எனக்கும் தெரியும். வாளிக்கு ஒரு மாசம். முப்பத்தஞ்சு வந்திருக்கு, முப்பத்தஞ்சு போட்டிருக்கேன்."

"ஒரு மாசத்தை ஏன் சார்..."

"வாளி வரட்டும். மாசம் வரும். அடிச்ச இடத்துல ரெண்டு பேரும் கையெழுத்து வைக்கணும், இங்கே." பேனாவை நீட்டினார். நான் வாயைத் திறந்தேன். "வெட்டிடுவேன்," என்றார். சாமணம்தான் கையில் இருந்தது. இருந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

கீழே இறங்கி வந்தால் செல்போன்காரர் வாசலில் நின்றிருந்தார். ஒப்பந்தத்தை நீட்டிக் காட்டினேன். அடித்துத் திருத்தின வரியைப் படித்தார். டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "முப்பத்தஞ்சு மாசம்னா எந்தத் தேதியில முடியுதுண்ணே?" என்று கேட்டு, போனில் குறித்துக்கொண்டார். அலாரம் வேறு வைத்தார்.

இந்தத் தடவை பில் இருந்தது. பில்லில் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன்.

"வாளியா? இருக்கு அண்ணே. பத்திரமா உறையில போட்டு வெச்சிருக்கேன், உங்க ஊர் பஸ் பேர் எழுதி."

"தபால்ல அனுப்ப முடியுமாம்மா?"

"கம்பெனி கூடாதுன்றான். இந்தப் பகுதிக்கு மட்டும். நேர்ல வாங்க, கொடுக்கறேன். முப்பத்தொன்பது."

"அதுலயாவது கொஞ்சம்..."

"முப்பத்தொன்பது," என்றாள்.

மனைவி கல்லாவில் உட்கார்ந்து ஒரு தாழ்ப்பாளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் போனை வைத்ததும் ஒன்றும் கேட்காமல் கணக்கு நோட்டையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினாள். எழுதினேன்.

கப்பல், சொன்ன விலை நாலாயிரம். கொடுத்தது முதலில் இரண்டாயிரத்து அறுநூறு, பிறகு ஆயிரத்து முந்நூற்று அறுபத்தொன்று, ஆக மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று. பேரத்தில் லாபம் முப்பத்தொன்பது. வீணாகப் போன இரண்டாவது பயணம், பஸ் போக வர ஆயிரத்து இருநூற்று நாற்பது, அறை ஐநூறு, ஆக ஆயிரத்து எழுநூற்று நாற்பது. லாபத்தைக் கழித்தால் நஷ்டம் ஆயிரத்து எழுநூற்றொன்று. மூலைக்கடை, முப்பத்தைந்து மாதம், கைக்கு வந்தது. நிலுவை: வாளி ஒன்று, மாதம் ஒன்று.